பழைய ஐ7 எடுக்கலாமா, புதிய ஐ3 எடுக்கலாமா? லேப்டாப் ப்ராசஸர்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வழி

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ உங்கள் ஊர் பழைய லேப்டாப் கடையிலோ போய் நின்றால் முதலில் காதில் விழுவது, "எடுத்துக்க தம்பி, ஐ7 இது" என்பதுதான். அதே கடையில் கொஞ்சம் கூடுதல் விலைக்கு ஒரு ஐ3-யும் இருக்கும், வருடம் புதிது. ஏழு பெரிது, மூன்று சிறிது என்று எண்ணிப் பலர் ஐ7-ஐ வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். விண்டோஸ் 11 ஏறவில்லை, வீடியோ கால் ஓடும்போது வேறு எதையும் திறக்க முடியவில்லை என்பதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிகிறது. பன்னிரண்டாயிரம், பதினைந்தாயிரம் என்று சேர்த்து வைத்து வாங்குகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் ஒரே தலைமுறையில், ஒரே வகையில் வந்த ப்ராசஸர்களை வரிசைப்படுத்த இன்டெல் வைத்த பெயர்கள். 2016-இல் வந்த ஐ7-ஐ 2022-இல் வந்த ஐ3-உடன் ஒப்பிட அந்தப் பெயர் உதவாது. வேறு எதைப் பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை இங்கே ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன். தொழில்நுட்பப் படிப்பு எதுவும் தேவையில்லை. மாடல் எண்ணைச் சரியாகக் குறித்துக்கொள்ளும் பொறுமை இருந்தால் போதும்.

முதல் படி: முழு மாடல் எண்ணைக் கையில் எடுங்கள்

"ஐ5 லேப்டாப்" என்று யாராவது சொன்னால் அது பாதித் தகவல்கூட இல்லை. ஐ5-க்குப் பிறகு ஒரு கோடு, அதன்பின் நான்கைந்து எண்கள், கடைசியில் ஓர் எழுத்து என்று இருக்க வேண்டும். ஐ5-8250யு, ஐ3-1215யு, ஐ7-7700எச்கியூ என்பதுபோல. அது தெரியாமல் விலை பேசவே ஆரம்பிக்காதீர்கள்.

கைவைக்கும் இடத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். செகண்ட்ஹேண்ட் லேப்டாப்பில் அதை உரித்து வேறொன்றை ஒட்டுவது ஒரு நிமிட வேலை. அடிப்பக்கத்து லேபிளில் இருப்பது பெரும்பாலும் லேப்டாப்பின் மாடல் பெயர். அதே மாடல் ஐ3-இலும் ஐ7-இலும் வந்திருக்கும். அதனால் லேப்டாப்பை ஆன் செய்து, விண்டோஸ் என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போங்கள். ப்ராசஸர் என்ற வரியில் முழுப் பெயரும் வரும். இல்லையென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில், வலது மேல் மூலையில் அதே பெயர் தெரியும்.

ஐ5-8250யு இருக்கும் லேப்டாப்பில் அபௌட் பக்கத்தைத் திறந்தால் பெயருக்குப் பின்னால் 1.60 என்றும் 1.80 என்றும் இரண்டு கிகாஹெர்ட்ஸ் எண்கள் அடுத்தடுத்து நிற்கும். ஏதோ ஏமாற்று வேலை என்று பயப்படத் தேவையில்லை. முதலாவது 15 வாட்டில் அதன் அடிப்படை வேகம். இரண்டாவது, லேப்டாப் கம்பெனி 25 வாட் வரை கொடுத்தால் கிடைக்கும் அடிப்படை வேகம். இரண்டுமே அந்த ப்ராசஸரின் உச்சவேகம் இல்லை, உச்சவேகம் 3.4. இந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு "வெறும் 1.6தானா" என்று நல்ல லேப்டாப்பை ஒதுக்கியவர்கள் உண்டு.

இரண்டாம் படி: அந்த எண்ணைப் படியுங்கள்

இன்டெல் ஐ வரிசையில் கோட்டுக்குப் பின்னால் முதலில் வருவது தலைமுறை. 8250யு என்றால் எட்டாம் தலைமுறை, 4210யு என்றால் நான்காம் தலைமுறை. புதிதாகப் பார்ப்பவர்கள் தடுமாறுவது 1135ஜி7, 1215யு போன்ற எண்களில்தான். 1215 என்பதை முதல் தலைமுறை என்று நினைத்துக்கொண்டு, "இது பழசு" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் அது பன்னிரண்டாம் தலைமுறை. நான்கு அல்லது ஐந்து இலக்க எண் 1-இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: 10, 11, 12, 13, 14. முதல் தலைமுறை ப்ராசஸர்களுக்கு எண் மூன்றே இலக்கம், ஐ5-520எம் போல. அவற்றை இன்று யாரும் விற்கவும் கூடாது, நீங்கள் வாங்கவும் கூடாது. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்றாம் தலைமுறைகளில் இன்னொரு வசதி உண்டு. விண்டோஸ் காட்டும் பெயரின் தொடக்கத்திலேயே தலைமுறை எண் எழுதியிருக்கும்.

கடைசி எழுத்து தலைமுறைக்குச் சமமான முக்கியம். அது ப்ராசஸர் எவ்வளவு மின்சாரம் எடுத்துக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டது என்று சொல்கிறது. யு என்றால் மெல்லிய லேப்டாப்புகளுக்கான 15 வாட் வகை. எச், எச்கியூ என்றால் பெரிய ஃபேன் வைத்த லேப்டாப்புகளுக்கான 45 வாட் வகை. பன்னிரண்டு, பதின்மூன்றாம் தலைமுறைகளில் பி என்று 28 வாட் வகை ஒன்று வந்தது. பத்து, பதினொன்றாம் தலைமுறைகளில் ஜி1, ஜி4, ஜி7 என்று முடிந்தால் அந்த எண் உள்ளே இருக்கும் கிராபிக்ஸின் தரத்தைக் குறிக்கும். எழுத்தே இல்லாமல் வெறும் எண்ணாக முடிந்தால் அநேகமாக அது டெஸ்க்டாப் ப்ராசஸர், உங்கள் ஒப்பீட்டில் அதற்கு வேலையில்லை.

எழுத்து எவ்வளவு மாற்றும் என்று பார்க்க ஓர் உதாரணம் போதும். ஐ7-7500யு, ஐ7-7700எச்கியூ இரண்டும் ஏழாம் தலைமுறை, இரண்டும் ஐ7. முதலாவதில் இரண்டு கோர், இரண்டாவதில் நான்கு கோர். கோர் என்பது ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி. ஸ்டிக்கர் மட்டும் ஒன்று, சரக்கு வேறு.

2023-இன் இறுதியில் இருந்து இன்டெல் 'ஐ' என்ற எழுத்தை விட்டுவிட்டது. கோர் அல்ட்ரா 5 125எச் போன்ற பெயர்கள் வருகின்றன. இங்கே மூன்று இலக்க எண்ணின் முதல் இலக்கம்தான் வரிசை எண். 1 என்றால் முதல் வரிசை, 2 என்றால் அடுத்தது. பழைய முதல் தலைமுறையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அல்ட்ரா என்ற சொல் இல்லாமல் வெறும் 'கோர் 5 120யு' என்று வருவது வேறு ரகம், அதன் உள்ளே இருப்பது பதின்மூன்றாம் தலைமுறையின் அதே கட்டமைப்பு. கடைக்காரர் "லேட்டஸ்ட் சீரிஸ்" என்று சொன்னால் அல்ட்ரா இருக்கிறதா என்று கேளுங்கள்.

மூன்றாம் படி: ஸ்பெக் வரிகளை அருகருகே வையுங்கள்

இன்டெல் தளத்தில் ஒவ்வொரு ப்ராசஸருக்கும் தனிப்பக்கம் உண்டு. தேடுபொறியில் மாடல் எண்ணைப் போட்டால் முதலிலேயே வந்துவிடும். கம்பேர் பட்டனை அழுத்தி இரண்டு மூன்று ப்ராசஸர்களை ஒரே அட்டவணையில் வைக்கலாம். இன்டெலின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டி-க்கும் அதன் தளத்தில் இதே விவரங்கள் இருக்கின்றன. விற்பனைத் தளங்களில் போட்டிருப்பதைவிட இவையே நம்பகமானவை. தொடங்கும்போது மூன்றை எடுத்துக்கொள்வோம். இதில் திரெட் என்பது கோர்கள் ஒரே நேரத்தில் கையாளும் வேலை வரிசை, கேஷ் என்பது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன, வேகமான நினைவகம்.

ஐ7-7500யு: 2016-இல் வந்தது. 2 கோர், 4 திரெட். அடிப்படை வேகம் 2.7, உச்சவேகம் 3.5 கிகாஹெர்ட்ஸ். கேஷ் 4 எம்பி. 15 வாட்.

ஐ5-8250யு: 2017-இல் வந்தது. 4 கோர், 8 திரெட். அடிப்படை 1.6, உச்சம் 3.4. கேஷ் 6 எம்பி. 15 வாட்.

ஐ3-1215யு: 2022-இல் வந்தது. 6 கோர், 8 திரெட். உச்சம் 4.4. கேஷ் 10 எம்பி. அடிப்படை 15 வாட், தேவைப்பட்டால் 55 வாட் வரை.

முதல் இரண்டையும் நிதானமாகப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வருடம். பெயரில் ஐ7 பெரிது, அடிப்படை வேகத்தில் ஐ7 பெரிது, உச்சவேகத்திலும் ஐ7 ஒரு படி மேலே. ஆனால் கோர் எண்ணிக்கை சரிபாதி. பிரவுசரில் இருபது டேப், பின்னணியில் ஆன்டிவைரஸ், ஒரு எக்செல், ஒரு வீடியோ கால் என்று ஓடும் சாதாரண நாளில் எட்டாம் தலைமுறை ஐ5-தான் தாங்கும். இன்டெல் தன் 15 வாட் லேப்டாப் ப்ராசஸர்களில் நான்கு கோர் கொடுக்க ஆரம்பித்தது அந்த எட்டாம் தலைமுறையில்தான். அதற்கு முன்னால் யு என்று முடிந்த ஐ7 எல்லாமே இரண்டு கோர். செகண்ட்ஹேண்ட் சந்தையில் ஒரே ஒரு எல்லைக்கோட்டை நினைவில் வைக்க முடியுமென்றால் அது இதுதான்.

அடுத்து ஐ3-1215யு. ஆறு கோர் என்றால் ஆறு திரெட் அல்லது பன்னிரண்டு திரெட் என்றல்லவா வர வேண்டும், எட்டு எப்படி வந்தது? பன்னிரண்டாம் தலைமுறையில் இருந்து இன்டெல் இரண்டு வகைக் கோர்களைக் கலந்து வைக்கிறது. பி-கோர் என்பது வேகத்துக்கு, ஈ-கோர் என்பது குறைந்த மின்சாரத்தில் பின்னணி வேலைகளைப் பார்க்க. பி-கோர் ஒவ்வொன்றும் இரண்டு திரெட், ஈ-கோர் ஒவ்வொன்றும் ஒரு திரெட். ஐ3-1215யு-வில் 2 பி-கோர், 4 ஈ-கோர். இரண்டை இரண்டால் பெருக்கி நான்கைக் கூட்டினால் எட்டு. ஐ5-1235யு-வில் 2 பி-கோர், 8 ஈ-கோர், ஆகவே பத்துக் கோர், பன்னிரண்டு திரெட். இதனால்தான் "பத்துக் கோர்" என்று விளம்பரத்தில் பார்த்தவுடன் பழைய நான்கு கோரைவிட இரண்டரை மடங்கு என்று கணக்குப் போடக் கூடாது. பி-கோர் எத்தனை, ஈ-கோர் எத்தனை என்று பிரித்துப் பாருங்கள். அப்படிப் பிரித்துப் பார்த்தாலும் இந்த ஐ3, மேலே சொன்ன பழைய ஐ7-ஐ எல்லா வகையிலும் தாண்டிவிடுகிறது என்பதே என் முடிவு.

கிகாஹெர்ட்ஸைப் பற்றி

ஸ்பெக் பட்டியலில் அதிகம் பார்க்கப்படும் வரி இதுதான், அதிகம் ஏமாற்றும் வரியும் இதுதான். காரணங்கள் மூன்று.

ஒன்று, அடிப்படை வேகமும் உச்சவேகமும் வேறு. விற்பவர் எது பெரிதோ அதைச் சொல்வார். ஒப்பிடும்போது அடிப்படையை அடிப்படையோடும் உச்சத்தை உச்சத்தோடும் மட்டுமே வையுங்கள்.

இரண்டு, உச்சவேகம் என்பது ஓரிரு கோர் மட்டும் வேலை செய்யும்போது, சூடு அனுமதிக்கும்வரை, கொஞ்ச நேரத்துக்குக் கிடைப்பது. எல்லாக் கோர்களும் பத்து நிமிடம் தொடர்ந்து உழைத்தால் 15 வாட் ப்ராசஸர் அந்த உயரத்தில் நிற்காது.

மூன்றாவதுதான் முக்கியம். ஒரே 3 கிகாஹெர்ட்ஸில் ஓடினாலும் புதிய கட்டமைப்பு ஒவ்வொரு சுற்றிலும் அதிக வேலையை முடிக்கும். மண்வெட்டி வீசும் வேகம் ஒன்றுதான், ஒவ்வொரு வீச்சிலும் அள்ளும் மண் கூடுகிறது. 2019-இல் ஐஸ் லேக் என்ற இன்டெல் ப்ராசஸர்கள் வந்தபோது, 2015-இல் வந்த ஸ்கைலேக்கைவிட ஒரே வேகத்தில் சராசரியாக 18 சதவீதம் கூடுதல் வேலை என்று இன்டெல் சொன்னது. 2020-இல் ஜென் 3 என்ற கட்டமைப்பு வந்தபோது ஜென் 2-ஐவிட 19 சதவீதம் என்று ஏஎம்டி சொன்னது. கம்பெனிகள் தங்கள் சரக்கைப் பற்றித் தாங்களே சொன்ன கணக்கு என்றாலும், திசை சரியானதுதான். அதனால் வேறுவேறு கட்டமைப்புகளுக்கு நடுவில், வேறுவேறு கம்பெனிகளுக்கு நடுவில் கிகாஹெர்ட்ஸை நேராக ஒப்பிடவே கூடாது. ஒரே தலைமுறை, ஒரே எழுத்து என்றால் மட்டும் ஒப்பிடலாம்.

சிப்பைத் தயாரிக்கும் முறையைக் குறிக்கும் நானோமீட்டர் வரியும் இப்படித்தான். 14, 10, 7 என்று குறையக் குறைய நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஒரே கம்பெனிக்குள் அது ஓரளவு சரி. ஆனால் 10 நானோமீட்டர் என்று அழைத்துவந்த தன் தயாரிப்பு முறையின் மேம்பட்ட வடிவத்துக்கு 2021-இல் இன்டெலே 'இன்டெல் 7' என்று பெயர் வைத்தது. கம்பெனி தாண்டி அந்த எண்ணை ஒப்பிட்டு எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

கேஷ்: அதிகம் இருந்தால் நல்லது. ஆனால் எல்2, எல்3 என்ற இரண்டு அடுக்குக் கேஷையும் கூட்டி ஒரே எண்ணாகப் போடும் பழக்கம் சில விற்பனைத் தளங்களுக்கு உண்டு. எல்3-ஐ எல்3-உடன் மட்டும் ஒப்பிடுங்கள்.

நான்காம் படி: எண் புதிது, உள்ளே பழையது

இந்த இடத்தில்தான் அனுபவமுள்ளவர்களும் சறுக்குகிறார்கள்.

ஏஎம்டியின் ப்ராசஸர்களான ரைசன் 5 5600யு, ரைசன் 5 7520யு. இரண்டில் எது நல்லது? 7520 பெரிய எண், பிந்தி வந்தது, அடிப்படை வேகம் 2.8, உச்சம் 4.3. 5600யு-வின் வேகம் 2.3, உச்சம் 4.2. கிகாஹெர்ட்ஸ் பார்ப்பவர் கண்ணை மூடிக்கொண்டு 7520யு-வை எடுப்பார். ஆனால் 5600யு-வில் 6 கோர், 12 திரெட், எல்3 கேஷ் 16 எம்பி, கட்டமைப்பு ஜென் 3. 7520யு-வில் 4 கோர், 8 திரெட், எல்3 கேஷ் 4 எம்பி, கட்டமைப்பு 2019-இல் அறிமுகமான ஜென் 2. முந்தி வந்ததுதான் வேகமானது. போதாததற்கு, 7520யு ஏற்றுக்கொள்ளும் ரேம் வகை போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு வரும். எட்டு ஜிபி என்று வாங்கினால் கடைசிவரை எட்டு ஜிபிதான்.

ஏஎம்டி 7000 வரிசை லேப்டாப் எண்களில் இதைக் கண்டுபிடிக்கும் வழியை அந்தக் கம்பெனியே வைத்திருக்கிறது. மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். 7520 என்றால் 2, அதாவது ஜென் 2. 7530 என்றால் ஜென் 3. 7540 என்றால் ஜென் 4. முதல் இலக்கமான 7 எந்த வருடத்து வரிசை என்று மட்டும் சொல்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வதில்லை. 5000 வரிசையில் அப்படி ஒரு குறிப்புகூட இல்லை. 5500யு-வும் 5700யு-வும் ஜென் 2, 5600யு-வும் 5800யு-வும் ஜென் 3. நூறு நூறாக ஏறும் எண்களுக்குள் இப்படி மாற்றி மாற்றி வைத்தது வாங்குபவர்களுக்குச் செய்த நல்ல காரியமில்லை என்று திடமாக நினைக்கிறேன்.

இன்டெலிலும் இது உண்டு. 2015-இன் ஸ்கைலேக் கோர் கட்டமைப்பேதான் ஆறு, ஏழு, எட்டு என்று தொடர்ந்து, பத்தாம் தலைமுறையின் ஒரு பகுதிவரை ஓடியது. அதனால் பத்தாம் தலைமுறை என்று சொன்னால் இரண்டு விதம். ஐ5-10210யு பழைய 14 நானோமீட்டர் வழி, ஐ5-1035ஜி1 புதிய 10 நானோமீட்டர் வழி. இரண்டும் 4 கோர், 8 திரெட், 6 எம்பி கேஷ். முதலாவதின் உச்சவேகம் 4.2, இரண்டாவதின் உச்சவேகம் 3.6. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டாவது அதிக வேலை செய்வதால் அன்றாட வேலையில் இரண்டும் ஏறக்குறைய சமம். இப்படிப்பட்ட இடத்தில் ப்ராசஸரை விட்டுவிட்டு, எந்த லேப்டாப்பின் திரையும் பேட்டரியும் நன்றாக இருக்கிறது என்று பார்த்து வாங்குவதே புத்திசாலித்தனம்.

புதிய மலிவு லேப்டாப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இன்டெலின் மலிவு வகையான செலரான் என்4020 என்று இருந்தால் 2 கோர், 2 திரெட். டப்பா பிரிக்காத புதுசு என்றாலும் வேண்டாம். என்100 என்றால் நான்கு ஈ-கோர், 6 வாட். பிள்ளைகளின் பாடம், டைப்பிங், யூடியூப் என்ற அளவில் சமாளிக்கும். அதே பணத்துக்கு நல்ல நிலையில் ஓர் எட்டாம் தலைமுறை ஐ5 கிடைத்தால் நான் ஐ5-ஐத்தான் எடுக்கச் சொல்வேன்.

ஐந்தாம் படி: ப்ராசஸரோடு ஒட்டி வருபவை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடித்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும் வேண்டும், ஏழாம் தலைமுறையில் ஓரிரு மாடல்கள் மட்டும் விதிவிலக்கு. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதியும் வேண்டும். பழைய லேப்டாப்பில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றி விற்கிறார்கள். ஓடும். ஆனால் வருடாந்திரப் பெரிய அப்டேட்கள் தானாக வரும் என்று நம்ப முடியாது. ஏஎம்டி என்றால் மைக்ரோசாஃப்ட் தளத்தில் உள்ள பட்டியலில் மாடல் எண்ணைத் தேடிப் பார்த்துவிடுங்கள். லினக்ஸ் போட்டுக்கொள்ளத் தயார் என்றால் இந்தக் கவலை இல்லை, ஏழாம் தலைமுறையும் பல வருடம் உழைக்கும்.

வீடியோ. யூடியூப் இப்போது பல வீடியோக்களை ஏவி1 என்ற சுருக்கும் முறையில் அனுப்புகிறது. இதை விரிக்கத் தனிப் பகுதி இன்டெலில் பதினொன்றாம் தலைமுறையில்தான் வந்தது. அதற்கு முந்தைய ப்ராசஸர்களில் கோர்களே அந்த வேலையைச் செய்ய வேண்டியிருப்பதால் ஃபேன் சத்தம் எழும்பும், பேட்டரி சீக்கிரம் இறங்கும். பார்க்க முடியாது என்றில்லை. நாள் முழுக்க வீடியோ பார்த்துப் படிக்கும் மாணவருக்கு மட்டும் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

கிராபிக்ஸில் ஒரு நுணுக்கம். ஐ5-1135ஜி7 வாங்கினால் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் என்று ஸ்பெக்கில் போட்டிருக்கும். லேப்டாப்பில் ஒரே ஒரு ரேம் குச்சி போட்டிருந்தால் டாஸ்க் மேனேஜரில் வெறும் யுஎச்டி கிராபிக்ஸ் என்று வரும். ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். இரண்டாவது ஸ்லாட்டில் இன்னொரு குச்சி போட்டால் பெயரும் மாறும், வேகமும் கூடும். இந்த ப்ராசஸரோ ரைசனோ எதுவானாலும், உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸுக்கு இரண்டு ரேம் குச்சி நல்லது.

ரேம், எஸ்எஸ்டி பற்றி நீட்ட வேண்டியதில்லை. எட்டு ஜிபி குறைந்தபட்சம். ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடுவது, ப்ராசஸரில் இரண்டு தலைமுறை ஏறுவதைவிட அதிக வித்தியாசம் காட்டும். பட்ஜெட் பேசும்போது அதற்கான பணத்தையும் சேர்த்தே பேசுங்கள்.

ஆறாம் படி: மதிப்பெண்களைப் பாருங்கள், ஆனால் சரியாக

ஸ்பெக்கை வைத்துப் பாதி தூரம் வந்தாயிற்று. மீதிக்கு பாஸ்மார்க், கீக்பெஞ்ச், சினிபெஞ்ச் போன்ற சோதனை மதிப்பெண்கள் இருக்கின்றன. இரண்டு மாடல் எண்களையும் தேடி, ஒரே கோரின் வேகத்தைக் காட்டும் சிங்கிள் மதிப்பெண்ணையும் எல்லாக் கோர்களின் மொத்த வேகத்தைக் காட்டும் மல்டி மதிப்பெண்ணையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். பிரவுசர், வேர்டு, டேலி போன்ற வேலைகளில் கைக்குத் தெரிவது பெரும்பாலும் சிங்கிள். வீடியோ எடிட்டிங், பெரிய ப்ரோகிராம் கம்பைல் செய்வது போன்றவற்றில் மல்டி. சோதனையின் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். கீக்பெஞ்ச் 5-இல் ஒன்றையும் கீக்பெஞ்ச் 6-இல் மற்றொன்றையும் எடுத்து ஒப்பிட்டால் அர்த்தமே இல்லை. சினிபெஞ்ச் ஆர்23, சினிபெஞ்ச் 2024 இரண்டும் அப்படித்தான். பத்துச் சதவீதத்துக்குள் இருக்கும் வித்தியாசத்தைப் பொருட்படுத்தாதீர்கள். அது லேப்டாப்பின் ஃபேனைப் பொறுத்தே மாறிவிடும்.

ஃபேன் என்று சொன்னது சும்மா இல்லை. ஐ3-1215யு 15 வாட்டில் இருந்து 55 வாட் வரை போகலாம் என்று இன்டெல் சொல்கிறது. எவ்வளவு விட வேண்டும், எத்தனை நொடி விட வேண்டும் என்பதை லேப்டாப் கம்பெனி முடிவு செய்கிறது. மெல்லிய உடம்பும் சின்ன ஃபேனும் உள்ள லேப்டாப்பில் அதே ப்ராசஸர் சீக்கிரமே இறங்கிவிடும். அதனால் ப்ராசஸரைத் தேர்ந்த பிறகு, அந்தக் குறிப்பிட்ட லேப்டாப் மாடலின் பெயரோடு சேர்த்து ஒரு ரிவ்யூவாவது படியுங்கள்.

ஏழாம் படி: கடையிலேயே ஓட்டிப் பாருங்கள்

பழைய லேப்டாப்பில் ஸ்பெக் சரியாக இருந்தாலும் ஃபேனில் தூசியும், ப்ராசஸர் மேல் சூட்டைக் கடத்தப் பூசி, காய்ந்துபோன பேஸ்ட்டும் இருந்தால் வேகம் வராது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். 7-ஜிப் என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் எடுத்துப் போங்கள். அதில் டூல்ஸ் மெனுவில் பெஞ்ச்மார்க் என்று ஒன்று இருக்கிறது. அதைத் திறந்தால் எல்லாத் திரெட்டுகளுக்கும் முழு வேலை கொடுக்கும். பக்கத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஸ்பீட் என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டே இருங்கள். சார்ஜர் செருகியிருக்க வேண்டும்.

முதல் சில நொடி எண் உயரத்தில் நிற்கும், ஐ5-8250யு என்றால் 3 கிகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில். பிறகு மெல்ல இறங்கும். இறங்குவது இயல்பு, 15 வாட் வரம்புக்குள் அது வந்துதான் ஆக வேண்டும். எங்கே போய் நிற்கிறது என்பதுதான் கேள்வி. ஐந்து நிமிடம் கழித்தும் அடிப்படை வேகமான 1.6-க்கு மேல் நின்றால் சரி. அதற்குக் கீழே 1.2, 0.8 என்று விழுந்தால், ஃபேன் அலறிக்கொண்டு அடிப்பக்கம் கைவைக்க முடியாமல் சுட்டால், சூட்டைத் தாங்காமல் ப்ராசஸர் தன்னைத்தானே கட்டிப்போடுகிறது என்று அர்த்தம். சூடே இல்லாமல் வேகம் மட்டும் விழுந்தால் சார்ஜரைச் சந்தேகப்படுங்கள். சரியான வாட் இல்லாத சார்ஜரையோ அடையாளம் தெரியாத சார்ஜரையோ செருகினால் சில லேப்டாப்புகள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

சார்ஜர் என்றால் கடைக்காரரிடம் ஒரிஜினல் கேளுங்கள், மாற்றிவிட்டு மறுபடியும் ஓட்டுங்கள். சூடு என்றால், "அண்ணே, சர்வீஸ் பண்ணி பேஸ்ட் மாத்திக் குடுங்க, நாளைக்கு வந்து திரும்ப ஓட்டிப் பாத்துட்டு எடுத்துக்கறேன்" என்று சொல்லுங்கள். அதுவரை அட்வான்ஸ் எதுவும் கொடுக்க வேண்டாம்.